ஆடிக் காற்றும் நாலாம் மாடிச் செடிச்சட்டியும்

(நம் குடியிருப்பின் ஆனி மாதக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியராக உள்ள குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னிடம் பத்து நிமிஷம் பேசச் சொன்னார். முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வைகாசிக் கடைசியில் ஏ பிளாக் பக்கம் விழுந்து உடைந்ததே ஒரு செடிச்சட்டி, அது எங்கள் வீட்டுச் சட்டிதான். விழுந்த இடத்துக்கு ரெண்டடி தள்ளி ஒரு பிள்ளையின் சைக்கிள் நின்றது. பிள்ளை தண்ணீர் குடிக்க வீட்டுக்குப் போயிருந்தது. முப்பத்தொரு வருஷம் விசையும் இயக்கமும் நடத்தினவன் வீட்டுச் சட்டி அது. அதனால் இன்றைக்கு இந்தப் பாடம் எனக்கும் சேர்த்துத்தான்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். பறக்குமா என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது கிலோ அம்மி, காற்றுப் படும் பக்கம் ஒன்றரையடி நீளம், அரையடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையின் உராய்வை மீறி அதை நகர்த்தவே மணிக்கு 230 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வேண்டும். பறக்க வைப்பது அப்புறம். அம்மி கனமாக, தாழ்வாக, அகலமாக உட்கார்ந்திருக்கிறது. காற்றுக்குப் பிடிகொடுக்கிற பரப்பும் குறைவு.

நம் பால்கனிச் சட்டி நேரெதிர். இதோ மேசையில் இருப்பது எங்கள் வீட்டு இன்னொரு குரோட்டன்ஸ். பிளாஸ்டிக் சட்டி, உள்ளே மண்ணுக்குப் பதில் நார்த்தூள், மொத்தம் ஐந்து கிலோ. அடிப்பாகம் 20 செ.மீ. அகலம். இலைகளின் நடுப்பகுதி 50 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஸ்பிரிங் தராசை அந்த உயரத்தில் மாட்டி இழுக்கிறேன், பாருங்கள். முள் ஒரு கிலோவைத் தொடும்போதே சட்டி சாய்கிறது. ஐந்து கிலோ சட்டிக்கு ஒரு கிலோ இழுப்பு போதும். சட்டியைப் பிடித்து நிறுத்துகிற எடைக்கு நெம்புகோல் நீளம் 10 செ.மீ., தள்ளுகிற காற்றுக்கு 50 செ.மீ. கொஞ்சம் சாய்ந்துவிட்டால் அந்தப் பத்தும் ஒன்பது, எட்டு என்று குறையும். அதனால் பாதியில் நிற்காது.

இந்த ஒரு கிலோ விசையைக் கொடுக்கக் காற்று எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும்? இந்த அளவு செடிக்கு மணிக்கு 33 கிலோமீட்டர் வாக்கில். ஆடியில் நம் ஊரில் அது சாதாரணக் காற்று. சரி, மண்சட்டி வைத்து, ஈர மண் போட்டு பதினைந்து கிலோ ஆக்கினால்? விசை மூன்று மடங்கு வேண்டும். ஆனால் காற்றின் வேகம் மூன்று மடங்கு வேண்டாம், 57 கிலோமீட்டர் போதும். காரணம், காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்கு. தோவாளை தாண்டி முப்பந்தல் பக்கம் பைக்கில் போனவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே அவ்வளவு காற்றாலைகள் ஏன்? மேற்கிலிருந்து வரும் காற்று, மலைகளுக்கு நடுவே ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிக்கொண்டு வேகம் பிடிக்கிறது. நம் ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவே இருப்பதும் ஒரு சின்னக் கணவாய்தான். காயப்போட்ட துணி அந்தப் பக்கம்தான் அதிகம் பறக்கிறது, கவனித்திருப்பீர்கள். பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான்.

கடலில் நிற்கிற அய்யன் வள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி. 2000 ஜனவரி 1-ல் திறந்தார்கள். ஒக்கி புயலையும் அதற்கு முன் சுனாமியையும் பார்த்தாயிற்று. அது உயரமில்லையா என்று கேட்கலாம். அடியில் 38 அடி உயர அகன்ற பீடமும், மொத்தம் ஏறக்குறைய 7000 டன் கனமும் இருக்கிறது. நம் குரோட்டன்ஸோடு ஒப்பிட வேண்டாம்.

இனி விழுகிற கதை. நாலாம் மாடிக் கைப்பிடிச் சுவர் தரையிலிருந்து சுமார் 13 மீட்டர். அங்கிருந்து தரைக்கு 1.6 விநாடி. “மக்ளே, மாறு!” என்று கத்தி, அந்தப் பிள்ளை கேட்டு, நிமிர்ந்து பார்ப்பதற்குள் தீர்ந்துவிடும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 57 கிலோமீட்டர். சின்னச் சட்டிதானே என்பவர்களுக்கு: வேகத்தில் சின்னது பெரியது கிடையாது, ஐந்து கிலோவும் பதினைந்து கிலோவும் ஏறக்குறைய சேர்ந்தேதான் வந்து சேரும். இரண்டாம் மாடிக்காரர்களும் நிம்மதியாக இருக்க வேண்டாம். ஏழு மீட்டரிலிருந்து விழுந்தாலும் 42 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும்.

அடி எவ்வளவு என்பது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 13 மீட்டரில் சேர்த்த வேகத்தை இரண்டு செ.மீ.யில் நிறுத்தினால், சராசரி விசை சட்டியின் எடையைப் போல 650 மடங்கு. ஐந்து கிலோ, மூன்று டன்னுக்கு மேல் ஆகிவிடுகிறது. ஹெல்மெட்டுக்குள் தெர்மோகோல் வைப்பது, நிற்கும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டத்தான். பிள்ளைகள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு விளையாடப் போவதில்லை.

செடி வளர்க்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னால் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. சுவர்மேல் இருப்பதைப் பால்கனித் தரையில் இறக்கிவையுங்கள். அங்கே சாய்ந்தால் உங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். கம்பிக்கு வெளியே கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருப்பவர்கள் உள்பக்கம் மாற்றுங்கள். மொட்டை மாடியில் வைத்திருப்பவர்கள் சட்டிக்கு அடியில் இரண்டு கருங்கல் போட்டு, அப்புறம் நார்த்தூள் நிரப்புங்கள். சுவரோரம் வேண்டாம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வையுங்கள். ஏசி வெளிப்பெட்டி மேல் சட்டி வைத்திருக்கிற மூன்று வீடுகளை நான் கீழிருந்தே எண்ணிவிட்டேன். பெயர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இந்தத் தராசோடு ஏ பிளாக் நாலாம் மாடியில் தொடங்கி ஒவ்வொரு வீடாக வருகிறேன். முதல் வீடு எங்கள் வீடு.