கண்மாய்க்கு ஒரு பேரேடு

(சிவகங்கை மாவட்டப் பள்ளிகளின் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்காகக் காரைக்குடியில் நடைபெற்ற பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காட்டுயிர்ப் பாதுகாப்பு என்றதும் நம் மாணவர்கள் முதுமலையையும் களக்காட்டையும் சொல்வார்கள். புலி, யானை என்பார்கள். நம் மாவட்டத்தில் காட்டுயிர் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், சற்றுத் தயங்குவார்கள். விடை பக்கத்திலேயே இருக்கிறது. இங்கிருந்து திருப்பத்தூர் வழியாக மதுரைக்குப் போகும் வழியில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்கள் சேர்ந்ததுதான் அந்தச் சரணாலயம். 1977ஆம் ஆண்டு ஜூன் மாதம் அரசு இதை அறிவித்தது. மொத்தப் பரப்பு 38.4 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 95 ஏக்கர்.

தீபாவளி நேரத்தில் இந்த ஊர்களைப் பற்றிய செய்தி நாளிதழ்களில் தவறாமல் வரும். கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரண்டு போய்விடக் கூடாது என்று அந்த மக்கள் பல பத்தாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. கோயில் திருவிழாவிலும் வீட்டு விசேஷத்திலும் இதே கட்டுப்பாடுதான். வனத்துறையினர் நேரில் சென்று இனிப்பு வழங்கி அவர்களைப் பாராட்டுவதும் உண்டு. இந்தச் செய்தியை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறோம். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அடுத்த படி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பறவைகளைக் காக்கும் வேலையை ஊர் செய்துவிட்டது. அவற்றைக் கணக்கில் வைக்கும் வேலையைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், வெடி வெடிக்காமல் இருப்பதால் என்ன பயன் என்பதை அறிவியலாகப் பார்ப்போம். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் பெருகும்போது, தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், உண்ணிக்கொக்கு என்று பலவும் வருகின்றன. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனையும் நாயும் கூட்டை எளிதில் நெருங்க முடியாது. ஆனால் திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் தாய்ப்பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பிவிடும். அந்தச் சில நிமிடங்களில் முட்டைகள் வெயிலிலோ மழையிலோ கிடக்கும். காத்திருக்கும் காக்கை வந்து தூக்கிப் போகும். எழும்பும் வேகத்தில் குஞ்சுகள் கூட்டிலிருந்து விழுவதும் உண்டு. தீபாவளி வருவது பறவைகள் வந்து இறங்கும் ஐப்பசி மாதத்தில். பிள்ளைகளிடம் இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டால், 'பெரியவர்கள் சொன்னார்கள், செய்கிறோம்' என்ற நிலை மாறி, 'எங்களுக்குத் தெரியும், அதனால் செய்கிறோம்' என்ற நிலை வரும். தலைமுறை மாறும்போது பழக்கம் அறுந்து போகாமல் இருக்க இந்தத் தெளிவு வேண்டும்.

ஊராரும் இதனால் நன்மை பெறுகிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்குப் போகும்போது, தழைச்சத்தும் மணிச்சத்தும் கூடவே போகின்றன. செங்கல்பட்டுப் பகுதியின் வேடந்தாங்கல் மக்களும் இதை உணர்ந்தவர்கள்தான். அங்கே 1798ஆம் ஆண்டிலேயே, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், பறவைகளைச் சுடாமல் காக்கும் உரிமையை ஊர் மக்கள் எழுத்து மூலமாகப் பெற்றார்கள்.

ஆனால் ஒரு ஊரின் கட்டுப்பாட்டால் மட்டும் காக்க முடியாதவையும் இருக்கின்றன. கூடு இருப்பது 95 ஏக்கருக்குள். இரை இருப்பதோ சுற்றியுள்ள கண்மாய்களிலும் ஊருணிகளிலும் நெல் வயல்களிலும். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் சற்று விலகி இடைவெளியோடு இருக்கும். அது நத்தையைப் பிடித்து உள்ளிருக்கும் சதையை எடுத்துத் தின்னும். அந்த நத்தை கொள்ளுக்குடிப்பட்டியில் மட்டுமா கிடைக்கும்? உங்கள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் கண்மாயிலும் கிடைக்கும். அந்தக் கண்மாய் தூர்ந்து போனாலோ, வரத்துக்கால் அடைபட்டாலோ, குப்பைமேடு ஆனாலோ, கொள்ளுக்குடிப்பட்டிக் கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு அன்றைய இரை குறையும். மழை பொய்த்துக் கண்மாய் நிரம்பாத ஆண்டில் பறவைகள் கூடு கட்டாமலே போய்விடலாம். அப்போது வெடி வெடிக்காமல் இருந்தும் பயன் இருக்காது.

இதே பாடத்தை ஐரோப்பாவின் தென்கிழக்கில், பால்கன் பகுதியை ஒட்டிய குரோவேசியா நாட்டிலும் பார்க்கலாம். அங்கே சாவா என்ற ஆற்றின் கரையில் சிகோச் என்ற சிற்றூர் இருக்கிறது. பழைய மர வீடுகளின் கூரைமேல் செங்கால் நாரைகள் கூடு கட்டுகின்றன. வீட்டுக்காரர்கள் கூட்டைக் கலைப்பதில்லை. 1994ஆம் ஆண்டில் அந்த ஊருக்கு 'ஐரோப்பிய நாரைக் கிராமம்' என்ற பெயர் கிடைத்தது. கூடு இருப்பது கூரையில், ஆனால் நாரைகள் இரை தேடுவது ஆற்று வெள்ளம் பரவும் புல்வெளிகளில். அதனால் அந்த வெள்ளச் சமவெளி முழுவதையும் 1990இலேயே இயற்கைப் பூங்காவாக அறிவித்திருந்தார்கள். சத்திமுத்தப் புலவர் தூது விட்டதாக நாம் வகுப்பில் நடத்தும் பறவையின் பெயரும் செங்கால் நாரைதான்! ஐரோப்பிய நாடுகள் 1934 முதல் இந்த நாரைகளின் கூடுகளைச் சேர்ந்து கணக்கெடுத்து வருகின்றன. பாசம் வைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை, எண்ணியும் வைத்தார்கள்.

எண்ணி வைப்பதால் என்ன ஆகும் என்று கேட்கலாம். நம் நாட்டுச் சான்று ஒன்றைச் சொல்கிறேன். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ், 1980களில் ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் பாறுக் கழுகுகளின் கூடுகளைக் கணக்கெடுத்தார். அப்போது பாறுகள் எங்கும் சாதாரணமாகக் காணப்பட்டவை. 1990களின் பிற்பகுதியில் அதே இடத்தில் மறுபடி எண்ணியபோது எண்ணிக்கை பெருமளவு சரிந்திருந்தது. பழைய கணக்கு கையில் இருந்ததால்தான் அந்தச் சரிவை உறுதியாகச் சொல்ல முடிந்தது. பிறகு ஆய்வுகள் விரிந்தன. மாடுகளுக்கு வலி நிவாரணியாகப் போடப்பட்ட டைக்ளோபினாக் மருந்தே காரணம் என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து தங்கியிருந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. இன்று நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளைப் பாதுகாக்க முடிகிறது என்றால், அந்த முயற்சியின் தொடக்கத்தில் ஒரு கணக்கேடு இருக்கிறது.

பால்கன் நாடுகளிலும் பாறுகள் இவ்வாறே குறைந்தன. அங்கே காரணம் வேறு. ஓநாய்களைக் கொல்ல இறைச்சியில் வைத்த நஞ்சைப் பாறுகளும் தின்று மடிந்தன. பல்கேரியாவில் 1988இல் தொடங்கப்பட்ட பறவைப் பாதுகாப்புச் சங்கம் போன்ற அமைப்புகள் பாறுகளின் கூடுகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்து வருகின்றன. பாதுகாப்பும் ஆராய்ச்சியும் வெவ்வேறு வேலைகள் அல்ல என்பதற்கு இந்த இரண்டு நாடுகளும் சாட்சி.

'ஆராய்ச்சி என்பது பெரிய படிப்புப் படித்தவர்கள் வேலை, நாம் பாடம் நடத்துகிறவர்கள்' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். டென்மார்க் நாட்டின் வீபோர்க் நகரில் மார்ட்டென்சன் என்பவர் இருந்தார். அவரும் நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர். 1899ஆம் ஆண்டில், மைனா இனத்தைச் சேர்ந்த 165 பறவைகளின் காலில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். பறவைகள் எங்கே போகின்றன, எப்போது திரும்புகின்றன என்பதை அறிய இன்று உலகம் முழுவதும் நடைபெறும் வளையமிடும் ஆய்வு அப்படித்தான் முறையாகத் தொடங்கியது. வளையமிடுவதற்கு இன்று பயிற்சியும் அனுமதியும் வேண்டும், அது நம் வேலையன்று. ஆனால் எண்ணுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இது செட்டிநாடு. பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்தியவர்கள், பேரேடும் ஐந்தொகையும் எழுதி ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்த பூமி. வீட்டுக்கூரையில் விழும் மழைநீரை வீணாக்காமல் சேர்த்தும், ஊர்தோறும் ஊருணி வெட்டியும் வாழ்ந்தவர்கள் இங்கே இருந்தார்கள். அந்த மண்ணின் பள்ளிகளில் கண்மாய்க்கு ஒரு பேரேடு தொடங்குவது பொருத்தமான காரியம்.

அதை எப்படித் தொடங்குவது? ஒரு நீளமான நோட்டு போதும். பள்ளிக்கு அருகில் உள்ள ஒரே ஒரு கண்மாயையோ ஊருணியையோ தேர்ந்தெடுங்கள். கரையில் நிற்கும் இடம் எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும். மாதம் இரண்டு நாள், காலை வகுப்புக்கு முன் இருபது நிமிடம். நாள், நேரம், வானிலை, தண்ணீர் அளவு, பறவையின் பெயர், எண்ணிக்கை, எண்ணியவர் பெயர் என ஏழு கட்டங்கள் போடுங்கள். தண்ணீர் அளவை மடைக்கல்லையோ படிக்கட்டையோ வைத்துக் குறிக்கலாம். பெரிய கூட்டமாக இருந்தால் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்த அளவு எத்தனை முறை வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பெயர் தெரியாத பறவையை 'தெரியாதது' என்றே எழுத வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது. பறவையே இல்லாத நாளில் சுழி என்று எழுத வேண்டும். 'ஒன்றும் இல்லை, அதனால் எழுதவில்லை' என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்தச் சுழிதான் பின்னாளில் மிகவும் பயன்படும் என்பதைப் பொறுமையாகப் புரிய வையுங்கள்.

இது கூடுதல் சுமை ஆகிவிடாதா என்ற கேள்வி நியாயமானது. பாடத்தோடு சேர்த்துவிட்டால் சுமை குறையும். தொடக்க வகுப்பில் பத்துப் பத்தாக எண்ணுவதும் பெயரை எழுதுவதும் 'எண்ணும் எழுத்தும்' செயல்பாடுகளோடு பொருந்தும். நடுநிலை வகுப்பில் அதே எண்கள் பட்டை வரைபடமாகவும் சராசரியாகவும் மாறும். உயர்நிலை வகுப்பில் உணவு வலையை நடத்தும்போது நத்தையும் நாரையும் எடுத்துக்காட்டாக நிற்கும். தமிழ் வகுப்பில் மடையான், முக்குளிப்பான், உள்ளான் என்று ஊரில் வழங்கும் பெயர்களைப் பாட்டி, தாத்தாவிடம் கேட்டு எழுதிவரச் சொல்லலாம்.

உங்கள் பேரேட்டை வெளியுலகோடு இணைக்கவும் வழி இருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் சனவரி மாதத்தில் நடைபெறுகிறது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பை நடத்துகிறார்கள். இ-பேர்ட் என்ற செயலியில் உங்கள் எண்களைப் பதிந்தால் ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்துவார்கள்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் கரையோடு நிற்க வேண்டும், தண்ணீரில் இறங்கவே கூடாது. கண்மாய்ச் சேறு ஆழம் காட்டாது. தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். இரண்டு பெரியவர்களாவது உடன் இருக்க வேண்டும். கூட்டுக்கு அருகில் போவது, முட்டையைத் தொடுவது, படம் எடுப்பதற்காகக் கைதட்டிப் பறக்கவிடுவது எதுவும் கூடாது. வெடி வெடிக்காத ஊர் காட்டும் அடக்கத்தை நாமும் காட்ட வேண்டும்.

இறுதியாக ஒன்று. நல்ல ஆசிரியர் ஒருவர் ஆர்வத்தோடு தொடங்குகிறார். மூன்றாம் ஆண்டில் பணிமாறுதல் வருகிறது. நோட்டு அலமாரியில் போகிறது, பிறகு எங்கே போகிறது என்று தெரிவதில்லை. நம் பள்ளிகளில் பல நல்ல முயற்சிகள் இப்படித்தான் நின்று போகின்றன. மூன்று ஆண்டுக் கணக்கைவிட முப்பது ஆண்டுக் கணக்கு பல மடங்கு மதிப்புடையது. எனவே இந்தப் பேரேட்டைப் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பொறுப்பு ஒப்படைக்கும்போது மற்றப் பதிவேடுகளோடு இதையும் கையெழுத்திட்டு ஒப்படையுங்கள். எண்ணும் வேலையை ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் எட்டாம் வகுப்பினருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

வரும் பருவமழைக்கு உங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் வரும். அதன் பின்னாலேயே பறவைகளும் வரும். முதல் பக்கத்தில் முதல் வரியை எழுத அப்போது உங்கள் பிள்ளைகள் கரையில் நிற்கட்டும்.