முதல் பணம் வரும்வரை



இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளே, ஜொகூர் செனாயில் தொழிற்சாலை ஊழியர்களுக்குச் சமைத்துப் போடுவது என் தொழில். உங்கள் அப்பா அம்மாவில் சிலர் என் கேண்டீனில் சாப்பிட்டிருப்பார்கள். அந்தத் தொழிலை ஒருமுறை நானே மூழ்கடிக்கப் பார்த்தேன், அதுவும் வியாபாரம் ஓகோவென்று நடந்த நேரத்தில்.

ஒரு கேண்டீனின் கணக்கைச் சொல்கிறேன், மனத்தில் போட்டுப் பாருங்கள். மாதம் 20,000 ரிங்கிட்டுக்கு பில். செலவு 18,000. லாபம் 2,000. ஆனால் பில்லை மாதக் கடைசியில்தான் கொடுக்க முடியும். அதற்குப் பிறகு 60 நாள் கழித்துத்தான் பணம் தருவார்கள். கோழிக்காரருக்கோ வாராவாரம் ரொக்கம். சம்பளத்தை மறுமாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஊழியர் சேமநிதிச் சந்தாவுக்குக் கெடு 15ஆம் தேதி. ஆக, மூன்று மாதச் செலவு, ஏறக்குறைய 54,000 ரிங்கிட், கையை விட்டுப் போன பிறகுதான் முதல் 20,000 வந்து சேரும்.

இன்னொரு கேண்டீன் திறக்க இன்னொரு 54,000 வேண்டும்; மாதம் 2,000 லாபத்தில் அதைச் சேர்க்க 27 மாதம் ஆகும். நான் எட்டே மாதத்தில் இரண்டாவது கேண்டீனையும் மூன்றாவதையும் திறந்தேன். ஊரில் எல்லாரும் முதலாளி என்று கூப்பிட்டார்கள். ஒரு 7ஆம் தேதி, சமையல்கட்டில் நின்ற அக்காவிடம், "சம்பளம் அடுத்த வாரம் தர்றேன்கா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சோறு வடிக்கப் போனார். அந்த முதுகைப் பார்த்தது இன்றும் எனக்கு மறக்கவில்லை. சாயங்காலம் மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. மூன்றாவது கேண்டீனை விட்டுக்கொடுத்துத்தான் மீண்டேன்.

கைப்பணத்தை மீறி விரிந்து மாட்டிக்கொள்வது பெரிய படிப்பு படித்தவர்களுக்கும் நடந்திருக்கிறது. 1997-இல் சென்னை திருவான்மியூரில் சுபிக்ஷா என்றொரு மளிகைக் கடை தொடங்கியது. தொடங்கிய ஆர். சுப்பிரமணியன் சென்னை ஐஐடியிலும் அகமதாபாத் ஐஐஎம்மிலும் படித்தவர். ஏசி இல்லாத சின்னக் கடை, குறைந்த விலை, மருந்துக்கும் தள்ளுபடி. நல்ல யோசனை, இன்றைக்கும் நல்ல யோசனைதான். பல ஆண்டுகள் தமிழ்நாட்டுக்குள் நிதானமாக வளர்ந்தது. பிறகு இந்தியா முழுக்க விரிந்தது. 2006-இல் 150 சொச்சமாக இருந்த கடைகள் 2008-இல் சுமார் 1,600 ஆயின. ஐசிஐசிஐ வென்ச்சர் என்ற முதலீட்டு நிறுவனம் அதில் பங்கு வைத்திருந்தது. விப்ரோ அசிம் பிரேம்ஜி தரப்பும் பங்கு வாங்கியது. ஆனால் அத்தனை கடைகளையும் விரித்ததில் பெரும்பகுதி கடன் பணம். சொந்த மூலதனம் சொற்பம். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லீமன் பிரதர்ஸ் என்ற வங்கி விழுந்ததும் கடன் கொடுப்பவர்கள் எங்கும் கையை இறுக்கிக்கொண்டார்கள். சம்பளம் நின்றது, சரக்கு நின்றது. 2009 தொடக்கத்திலேயே கடைகள் மூடிக் கிடந்தன. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் பலர் அன்று உங்கள் வயதில் இருந்தவர்கள்.

இதை இங்கே இப்போது சொல்லக் காரணம் உண்டு. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. செனாய்-ஸ்கூடாய் வட்டாரமும் அதில் இருக்கிறது. லோரி, வெல்டிங், துப்புரவு, சாப்பாடு என்று குத்தகைகள் வரும். இன்னொரு லோரி எடு, இன்னொரு கடை போடு என்று சொல்ல ஆள் இருக்கும். அந்த நாளில், முதல் பணம் வரும்வரை எத்தனை மாதம் தாங்குவோம் என்று எழுதிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். மலாயாவில் வட்டிக்கடை வைத்த நகரத்தார் அன்றைய வரவு செலவை அன்றே எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை என்ற இருப்புக் கணக்குப் பார்த்தார்கள். உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது, இன்னும் எளிது. சிறுதொழில் கடன் தரும் தெக்குன் வழியாக, இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன் வாங்கினால் கடை அலங்காரத்தில் கொட்டாதீர்கள். அந்த இடைப்பட்ட மாதங்களுக்குக் கைப்பணமாக வையுங்கள்.

உங்களில் பலர் தொழில் தொடங்கப் போவதில்லை. பெரிய தொழிற்சாலைகளின் கணக்குப் பிரிவிலும் கொள்முதல் பிரிவிலும் உட்காரப் போகிறீர்கள். அக்காவுக்குச் சம்பளம் தர முடியாமல் போன அந்தச் சமயத்தில் என் பில் அப்படியொரு மேசையில்தான் ஐந்து வாரம் கையெழுத்துக்காகக் கிடந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, யாருக்கும் அவசரம் இல்லை, அவ்வளவுதான். நாளைக்கு ஒரு சின்னக் குத்தகைக்காரரின் பில் உங்கள் மேசைக்கு வரும். அதற்குப் பின்னால் ஒரு சமையல்கட்டும், சம்பளத்துக்குக் காத்திருக்கும் ஓர் அக்காவும் இருப்பார்கள். தயவுசெய்து வந்த அன்றே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.