வாடகையை மட்டும் பார்த்தால் போதாது

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் 'பி' பிளாக் சகோதரிகள் நான்கு பேர், இதுவரை வீட்டு அடுப்படியில் செய்துவந்த இட்லி மாவு, முறுக்கு வியாபாரத்தை வெளியே ஓர் இடம் பிடித்து நடத்தப் போகிறார்கள். இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்று இங்கே பம்மல் மெயின் ரோட்டில் கடை, வாடகை 22,000. இன்னொன்று திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு ஷெட், வாடகை 9,000. "சார், நீங்க பேங்க்ல லோன் செக்‌ஷன்ல இருந்தவராச்சே, எது நல்லதுன்னு சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டார். நான் மேனேஜர் இல்லை, கிளார்க். கடன் கொடுக்கும் அதிகாரம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் எல்லா ஃபைலும் என் மேஜையைத் தாண்டித்தான் போகும், தவணை நின்றுபோன கணக்குகளின் ஃபைலும் சேர்த்து. நால்வரில் இருவர் நகையை வைத்துப் பணம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.காம். படித்தபோது ஆல்ஃபிரட் வெபர் என்ற ஜெர்மானியரின் கொள்கையை மனப்பாடம் செய்தோம். 1909-இல் அவர் எழுதியதன் சாரம் இதுதான்: மூலப்பொருள் கனமா, செய்து முடித்த சரக்கு கனமா என்று பார். எது கனமோ அதைக் குறைந்த தூரம் தூக்கு. கரும்பில் பத்தில் ஒரு பங்குதான் சர்க்கரையாகிறது. வெட்டிய கரும்பைப் போட்டுவைத்தால் அதுவும் குறையும். ஆகவே சர்க்கரை ஆலை கரும்புக் காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லும் சுட்டால் எடை குறையும். அரியலூரில் ஏன் இத்தனை சிமெண்ட் ஆலைகள் என்பதற்கு அதுவே பதில். கூல்டிரிங்ஸ் நேர் எதிர். அதில் பெரும்பங்கு தண்ணீர், தண்ணீர் எல்லா ஊரிலும் உண்டு. அதைக் குடிக்கிற ஊருக்குப் பக்கத்திலேயே பாட்டிலில் அடைப்பதுதான் லாபம்.

பெரிய உதாரணம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் ஜாம்ஷெட்பூர். டாடா குடும்பத்தார் எஃகு ஆலைக்கு இடம் தேடி, மத்திய இந்தியாவில் சாந்தா, துர்க் என்று வருடக்கணக்கில் அலைந்தார்கள். 1904-இல் பி.என். போஸ் என்ற புவியியல் அறிஞர், மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் நல்ல இரும்புத்தாது இருக்கிறது என்று கடிதம் எழுதினார். ஜாம்ஷெட்ஜி அந்த ஆண்டே காலமாகிவிட்டார். மகன் தோராப்ஜி வேலையைத் தொடர்ந்தார். கடைசியில் சாக்சி என்ற சின்ன கிராமம் அமைந்தது. தாது ஒரு பக்கம், ஜரியா நிலக்கரி ஒரு பக்கம், சுபர்ணரேகாவும் கர்காயும் கூடுகிற இடத்தில் தண்ணீர், கூப்பிடு தூரத்தில் காளிமாட்டி ரயில் நிலையம். 1912-இல் எஃகு வந்தது. 1919-இல் ஊரின் பெயரே மாறியது.

இனி நம் மாவுக்கு வருவோம். சிரிக்க வேண்டாம், கணக்கு ஒன்றுதான். ஒரு கிலோ அரிசி உளுந்து போட்டால் இரண்டு கிலோவுக்கு மேல் மாவு வருகிறது. கூடின எடை முழுக்கத் தண்ணீர். போதாததற்கு மாவு புளிக்கும், பொங்கும். அப்படியானால் மாவு என்பது கூல்டிரிங்ஸ் ஜாதி. வாங்குகிறவர் வாசலுக்குப் பக்கத்தில்தான் அரைக்க வேண்டும். முறுக்கு அப்படியில்லை. சில வாரம் தாங்கும். எடை கம்மி, இடம்தான் அடைக்கும். அதை வாரம் இரண்டு தடவை கொண்டுவந்தால் போதும்.

ரூபாயில் பாருங்கள். இரண்டு வாடகைக்கும் வித்தியாசம் 13,000. திருமுடிவாக்கத்திலிருந்து லோடு ஆட்டோ ஒரு நடைக்கு 500 கேட்கிறார்களாம். மாவை நாள்தோறும் கொண்டுவந்தால் மாதம் 26 நடை, 13,000. வாடகையில் மிச்சம் பிடித்தது அப்படியே ஆட்டோக்காரர் கைக்குப் போய்விடும். காலை, மாலை இரண்டு நடை என்றால் கைப்பணமும் போகும். முறுக்கு மட்டும் என்றால் மாதம் எட்டு நடை, 4,000. அப்போது 9,000 மிஞ்சும். அட்வான்ஸையும் மறக்கக் கூடாது. பத்து மாத வாடகை என்றால் மெயின் ரோட்டுக் கடைக்கு 2,20,000, ஷெட்டுக்கு 90,000. கூடுதலாக முடங்குகிற 1,30,000-க்கும் நீங்கள்தானே வட்டி கட்டுகிறீர்கள்?

அடுத்தது ஒப்பந்தம். பேங்கில் நான் அடிக்கடி பார்த்த விஷயம் இது. கடன் 60 தவணை, வாடகை ஒப்பந்தம் 11 மாதம். ஒரு கடன்தாரர் ஷெட்டில் தரை போட்டு, மெஷின் இறக்கி, மும்முனை மின் இணைப்புக்குப் பணம் கட்டி, வேலை சூடுபிடிக்கும்போது வீட்டுக்காரர் "காலி பண்ணுங்க" என்றார். மெஷினைத் தூக்கிக்கொண்டு போகலாம். தரையை எப்படித் தூக்குவது? தவணை அதோடு நின்றது. வாடகைக் காலம் கடன் காலத்துக்குக் குறையக் கூடாது. ஐந்து வருடத்துக்கு எழுதி, பதிவு செய்யுங்கள். செலவாகும், ஆகட்டும்.

மூன்றாவது, அக்கம்பக்கத்தார். இதைப் பெரிய கம்பெனிகளே தப்பாகக் கணக்குப் போட்டதுண்டு. நானோ காருக்கு மேற்கு வங்கத்தின் சிங்கூரைத் தேர்ந்தெடுத்தபோது காகிதத்தில் எல்லாமே சரியாக இருந்தது. நெடுஞ்சாலை ஓரம், கொல்கத்தா பக்கம், ஏறக்குறைய 1,000 ஏக்கர். நிலத்தைக் கொடுக்க மனமில்லாத விவசாயிகள் மட்டும் கணக்கில் வரவில்லை. கட்டடம் எழும்பி நின்ற பிறகு, 2008 அக்டோபரில் டாடா வெளியேறி, குஜராத்தில் சானந்துக்குப் போனார்கள். அந்த நிலம் எடுத்தது செல்லாது என்று 2016-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. டாடாவுக்கு அது ஒரு நஷ்டம், தாங்கிக்கொண்டார்கள். நகை வைத்துத் தொடங்குகிறவர்கள் தாங்க முடியாது.

விடியற்காலை நாலு மணி கிரைண்டர் சத்தத்துக்காகத்தானே நம் பிளாக்கிலேயே இத்தனை சண்டை? சண்டை போட்டவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் மூன்றாம் மாடிக்காரன், எனக்கும் கேட்டது. மெயின் ரோட்டுக் கடைக்கு மேலே இரண்டு குடித்தனம் இருக்கிறது. அவர்களிடம் நேரில் போய், எத்தனை மணிக்கு அரைப்போம், கழுவுகிற தண்ணீர் எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒத்துவராவிட்டால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம், அதே ரோட்டில் வேறு கடை பாருங்கள்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மாவு கெடும், லாரித் தண்ணீர் வாங்கினால் லாபம் கெடும். ஒரு குடம் பிடித்து வந்து ஒருநாள் அரைத்துப் பாருங்கள். ஷெட்டுக்கு வெள்ள விஷயமும் கேட்க வேண்டும். 2015 டிசம்பரில் ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் தொழிற்கூடங்களுக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்து மெஷின்கள் முழுகியது நினைவிருக்கும். உரிமையாளரைக் கேட்டால் "இங்கே வராது சார்" என்பார். பக்கத்து ஷெட் வாட்ச்மேனைக் கேளுங்கள். சுவரில் தண்ணீர்க் கறை எதுவரை இருக்கிறது என்றும் பாருங்கள்.

என் அபிப்பிராயம் கேட்டால், இப்போதைக்கு மாவை மட்டும் மெயின் ரோட்டில் ஒரு சின்னக் கடையில் ஆரம்பியுங்கள். முறுக்கு ஆர்டர் பெருகியபின் ஷெட்டைப் பற்றி யோசிக்கலாம். இரண்டையும் ஒரே இடத்தில் செய்துதான் ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒப்பந்த நகலை எழுதி வாங்கியதும், கையெழுத்துப் போடும் முன் என்னிடம் காட்டுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.