கொல்லையில் இரண்டு பன்றி

(பண்ணை ஒலிபரப்பில் ஆற்றிய உரை)



பன்றியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சில பேர் ரேடியோவை மூடப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பன்றி வளர்க்காதவர்களுக்கும், பன்றிக் கறியைக் கையால் தொடாதவர்களுக்கும் இதிலே ஒரு சேதி இருக்கிறது. பெரிய பண்ணை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வரவில்லை. கொல்லையில் ஒன்றோ இரண்டோ வளர்க்கிற குடும்பங்களை நினைத்துத்தான் பேசுகிறேன்.

பன்றி அசிங்கம் பிடித்த பிராணி என்று நாம் சொல்கிறோம். ஆனால் அடைத்து வளர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடம் கொடுத்தால் அது படுக்கிற இடத்தில் சாணி போடாது. அதற்கென்று ஒரு மூலையை ஒதுக்கிக்கொள்ளும். மாட்டுக்குக்கூட இந்த வழக்கம் கிடையாது. புதுக் குட்டி வாங்கி வந்த அன்றைக்கே கொட்டிலின் தாழ்ந்த மூலையில் தண்ணீர் தெளித்து, அதன் சாணியைக் கொஞ்சம் அங்கே போட்டு வையுங்கள். எதிர் மூலையில் காய்ந்த வைக்கோல் பரப்புங்கள். இரண்டு மூன்று நாளில் பழகிவிடும்.

அப்படியானால் ஏன் சேற்றில் புரளுகிறது? மனிதனைப்போல் அதற்கு வியர்த்துக் கொட்டி உடம்பு குளிராது. நிழலும் நல்ல தண்ணீரும் இல்லாவிட்டால் சாக்கடைதான் அதற்குக் கதி. கோடையில் பகல் வேளையில் இரண்டு மூன்று தடவை மேலே தண்ணீர் தெளித்துவிட்டால் போதும். வெண்பன்றியாக இருந்தால் வெயிலில் தோல் வெந்துவிடும், அதற்கு நிழல் கட்டாயம் வேண்டும்.

புத்தியிலும் அது குறைந்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும். வயிற்றைச் சொறிந்து கொடுத்தால் அப்படியே சாய்ந்து படுத்துக்கொள்ளும். கதவுத் தாழ்ப்பாளை மூக்கால் நெம்பித் திறக்கவும் கற்றுக்கொள்ளும். வெளிநாடுகளில் வியட்நாமின் தொங்கு வயிற்றுப் பன்றியை நாய், பூனை மாதிரி வீட்டுக்குள்ளேயே செல்லமாக வளர்க்கிறார்கள். அங்கேயும் ஒரு மோசடி உண்டு. 'இது இவ்வளவுதான் வளரும்' என்று குட்டியைக் காட்டி விற்றுவிடுவார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் அது 50 கிலோவையும் தாண்டிவிடும். வளராமல் இருக்கட்டும் என்று அரை வயிறு போடுகிறவர்களும் உண்டு, அது பாவம். நம்ம ஊருக்கும் பாடம் ஒன்றுதான். குட்டி அழகாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள். வளர்ந்தால் எங்கே வைப்பது, என்ன போடுவது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது அந்த முக்கியமான சேதிக்கு வருகிறேன். 'பன்றியை அடைத்து வைத்துத் தீனி போட யாரால் முடியும்? காலையில் அவிழ்த்துவிட்டால் ஊரைச் சுற்றி மேய்ந்துவிட்டு வந்துவிடும்' என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஊரிலே எதை மேய்கிறது? வெட்டவெளியில் ஜனங்கள் ஒதுங்கிய இடத்தைத்தான்.

மனிதன் குடலில் நாடாப்புழு என்று ஒன்று இருக்கும். பல அடி நீளம் வளரும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியே வரும். பன்றி அதைத் தின்றால் முட்டை பொரிந்து, பன்றியின் சதையிலும் நாக்கிலும் ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்னக் கொப்புளமாகத் தங்கிவிடும். அந்தக் கறியை அரைவேக்காடாகச் சாப்பிட்டவர் குடலில் மறுபடியும் நாடாப்புழு. இதோடு நின்றால் டாக்டர் கொடுக்கிற மாத்திரையில் தீர்ந்துவிடும்.

பெரிய ஆபத்து முட்டையில் இருக்கிறது. குடலில் நாடாப்புழு உள்ளவர் வெளிக்குப் போய்விட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோறு பரிமாறினால் போதும். மலம் கலந்த தண்ணீர் பாய்ந்த கொத்துமல்லியை, கேரட்டைக் கழுவாமல் பச்சையாகக் கடித்தாலும் போதும். அந்த முட்டை வயிற்றுக்குள் போய், ரத்தத்தோடு கலந்து, மூளையில் கொப்புளமாக உட்கார்ந்துவிடும். நல்லாயிருந்த பிள்ளைக்குத் திடீரென்று ஒரு நாள் வலிப்பு வரும். 'நாங்க சைவங்க, எங்க வீட்டுல எப்படி வந்தது?' என்று கேட்கிறவர்கள் உண்டு. கறி தின்றால் வருவது குடல் புழு. மூளைக்குப் போவது முட்டை. அதற்குச் சைவம், அசைவம் என்கிற பேதம் கிடையாது. நம் நாட்டில் வலிப்பு வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணித்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தெரியும், வைத்தியமும் உண்டு. ஆனால் கடையில் நாமாகப் பூச்சி மாத்திரை வாங்கிக் கொடுக்கக் கூடாது. மூளையில் இருக்கிற கொப்புளம் சாகும்போது வீக்கம் கண்டு வலிப்பு அதிகமாகலாம். டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பழி பன்றி மேலே விழுகிறது. அதற்கு முட்டையைக் கொடுத்தது மனிதன்தானே? பன்றி கொட்டிலில் இருந்து, வீட்டார் கழிப்பறைக்குப் போனால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

கொட்டில் ஒன்றும் பெரிய செலவில்லை. இரண்டு பன்றிக்கு எட்டடிக்கு ஆறடி கூரை, அதே அளவு திறந்த இடம், நாலடிச் சுவர். தரை சிமெண்ட்டாக இருக்கட்டும், ஆனால் வழவழப்பாகப் பூசாதீர்கள், கால் வழுக்கும். தண்ணீர் வழிந்து போகச் சரிவு வேண்டும். தொட்டியைப் பதித்துவிடுங்கள், இல்லையென்றால் கவிழ்த்துப் போட்டுவிடும். வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டாமல் கொல்லையின் கடைசியில் கட்டுங்கள். மூளைக்காய்ச்சல் கிருமி பன்றி உடம்பில் பெருகி, நெல் வயல் கொசு மூலமாகக் குழந்தைகளுக்கு வருகிறது. நம் நாட்டில் 1955இல் இந்தக் காய்ச்சல் முதலில் தெரிய வந்தது நம்ம வேலூர் பக்கத்தில்தான். கொட்டிலைச் சுற்றித் தண்ணீர் தேங்க விடாதீர்கள். உங்கள் மாவட்டத்தில் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போடுகிறார்கள் என்றால் தவறாமல் போட்டுவிடுங்கள்.

தீனிக்கு ஓட்டல் மிச்சம், கழனி, தவிடு, கடலைப் புண்ணாக்கு, கீரைத்தண்டு எல்லாம் ஆகும். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு வேண்டவே வேண்டாம், ஈரல் கெட்டுவிடும். மரவள்ளியை வேகவைத்தோ காயவைத்தோ போடுங்கள். ஓட்டல் மிச்சத்தில் ஊறுகாயும் கருவாடும் சேர்ந்து வரும். உப்புத் தீனி தின்ற பன்றிக்குத் தண்ணீர் இல்லாமல் போனால் கண் தெரியாமல் சுவரில் முட்டும், சுற்றிச் சுற்றி வரும், இழுப்பு வந்து செத்தும் போகும். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போவோம்! அதனால் தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்கட்டும். வெகுநேரம் தண்ணீரில்லாமல் இருந்துவிட்டால் ஒரேயடியாகக் குடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள்.

ஓட்டல் மிச்சத்தை அரைமணி நேரம் கிளறிக் கிளறிக் கொதிக்கவிட்டு, ஆறவைத்துத்தான் போட வேண்டும். விறகுச் செலவைப் பார்க்காதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று ஒரு கொள்ளைநோய் 2020இல் அசாம், அருணாசலப் பிரதேசப் பக்கம் நம் நாட்டுக்குள் நுழைந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப் பன்றிகள் அதனால் செத்தது உறுதியானது. மனிதருக்கு இது வராது. ஆனால் பன்றிக்கு வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது. மிச்சத்தில் கிடக்கிற ஒரு துண்டுப் பன்றிக் கறி போதும், கொட்டிலே காலியாகிவிடும். வியாபாரியின் செருப்பிலும் வண்டியிலும்கூட ஒட்டிக்கொண்டு வரும். அவரை வாசலோடு நிறுத்திப் பேசுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வழக்கமான பன்றிக் காய்ச்சல் வேறு. அதற்குத் தடுப்பூசி உண்டு. குட்டிக்கு இரண்டு மாதத்தில் போட்டு, பிறகு வருஷா வருஷம் போட வேண்டும். அந்த ஊசி ஆப்பிரிக்கக் காய்ச்சலைத் தடுக்காது, அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காய்ச்சலானாலும் காது, வயிற்றில் கருஞ்சிவப்புத் திட்டு கண்டு, தீனி எடுக்காமல், பின்கால் தள்ளாடினால் கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லி அனுப்புங்கள். அவசரமாக அறுத்துக் கூறு போடுவதும், செத்ததை ஆற்றில் இழுத்துவிடுவதும் ஊர்ப் பன்றிகளையெல்லாம் வாரிக் கொடுப்பதாகும்.

குட்டி வாங்கும்போது சந்தையில் வாங்காமல், தாய்ப் பன்றியை நேரில் பார்த்து வாங்குவது நல்லது. இரண்டு மாதம் ஆகி, தாய்ப்பால் மறந்த குட்டியாக இருக்கட்டும். கண் தெளிவாக, தோலில் சொறி இல்லாமல், கழிச்சல் இல்லாமல் இருக்கிறதா பாருங்கள். காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் வெண்பன்றியையும் நாட்டுப் பன்றியையும் கலந்து கே.பி.எம். கோல்டு என்று ஓர் இனம் உருவாக்கியிருக்கிறார்கள், அதையும் விசாரிக்கலாம். ஏற்கெனவே வீட்டில் பன்றி இருந்தால் புதுக் குட்டியை ஒரு மாதம் தனியாக வைத்திருந்து பிறகு சேருங்கள். அதுவரை பழைய பன்றிக்கு முதலில் தீனி வைத்துவிட்டு, அதன் பிறகு புதுக் குட்டியிடம் போங்கள். ஊராட்சியிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.