சூரரைப் போற்று: கண்டோர் கருத்து

சுதா கொங்கரா இயக்கி 2020 இல் வெளிவந்த ‘சூரரைப் போற்று’, இந்தியாவின் ஐந்து தேசிய விருதுகளைப் பெற்ற படம். 2003 இல் ‘எயார் டெக்கான்’ விமான சேவையைத் தொடங்கிக் குறைந்த கட்டணத்தில் பொதுமக்களைப் பறக்கச் செய்த கப்டன் கோபிநாத்தின் வாழ்வைத் தழுவியது. இரண்டரை மணி நேரம் ஓடுவது.

கன்னட நாட்டவரான தரைப்படை வீரரை மதுரைப் பக்கத்து விமானப்படை வீரராக்கியது சரிதையாகாது என்பர் சிலர். படம் பெரிதும் கற்பனை கலந்தது எனக் கோபிநாத்தே கூறினார்; எனினும் சாரம் பிழைக்கவில்லை என்று பாராட்டினார்.

மற்றையோர் மறவாதது ஒரு காட்சி. தந்தையின் உயிர் ஊசலாடுகிறது. சீட்டுக்குப் பணம் போதாத மகன் விமான நிலையத்திலே பயணிகளிடம் கையேந்துகிறான். ஊர் சேரும்போது எல்லாம் முடிந்துவிடுகிறது.

வளைகுடாவில் பிள்ளைகள் உழைக்கும் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது வீடுகளுக்கு இது வெறுங்கதையன்று. ஜனாஸாவைத் தாமதியாது அடக்குவது முஸ்லிம்களின் வழக்கம். மௌத்துச் செய்தி கேட்டுப் புறப்படுபவன் வாப்பாவின் முகத்தைக் காண்பது அரிது. சீட்டு எட்டும் விலையிலிருந்தால், நோய் என்று கேட்டபோதே புறப்பட்டிருப்பான்.

படத்தில் பெயரும் ஊரும் மாறின. கோபிநாத் போராடிய நியாயம் மாறவில்லை.