தேக்கிய நீரை மீட்டல்

நீரைத் தேக்குவது அருஞ்செயல். தேக்கிநிற்கும் கருவி பழுதுற்ற பின்பும் அந்நீரை இழவாது காப்பது அதனினும் அரிய செயல். அதுபற்றிச் சில கூற விரும்புகிறேன்.

கருவி பழுதுறும் வகை இரண்டு. ஒன்று, திடீரென முறிவது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் இரவு, துங்கபத்திரை அணையின் 33 மதகுகளுள் 19ஆவதன் சங்கிலி அறுந்து, கதவு வெள்ளத்தோடு போயிற்று. நீர்மட்டம் பெரிதும் இறங்கினாலன்றி அவ்வாயை அடைத்தல் இயலாது என்று அஞ்சினர். ஆயினும் கண்ணையா நாயுடு என்னும் முதிய பொறியாளரின் வழிகாட்டலில், இரும்புத் தடுப்புகளை ஓடும் நீரிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் வாயை அடைத்தனர்.

மற்றொன்று, மெல்ல மெல்லத் தேய்வது. இதற்குச் சான்று, தேனி மாவட்டத்துக்கு வாழ்வளிக்கும் முல்லைப் பெரியாறு அணை. மேற்கே ஓடிக் கடலிற் கலந்த ஆற்றைப் பென்னிகுயிக் மறித்துக் கட்டிய அவ்வணை 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அந்நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களை நனைத்து வைகையைச் சேர்கிறது.

இவ்வணை தன் எடையாலேயே நீரின் தள்ளுவிசையைத் தாங்குவது. அதன் சாந்தோ சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்தது. கசியும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துச் செல்லச் செல்ல, அணையின் எடை குறையும், வலிமையும் குறையும். அதனாலேயே 1930களிலும் 1960களிலும் அணையினுள் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினர்.

1979ஆம் ஆண்டு ஆகஸ்டில் குஜராத்தின் மோர்வி நகருக்கு மேலுள்ள மச்சு அணை உடைந்து பேரழிவு விளைந்தது. அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களின் அச்சம் பெருகிற்று. அவ்வச்சத்தை அற்பமென்று தள்ளல் ஆகாது. அவ்வாண்டே நீர்மட்டம் 152 அடியினின்று 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. 16 அடிதானே என்று எண்ணிவிடாதீர்கள். 104 அடிக்குக் கீழுள்ள நீர் தமிழகத்துக்கு வாராது. ஆதலின் பயன்தரும் 48 அடியில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. நீர்த்தேக்கம் மேலே செல்லச் செல்ல அகன்று விரிவதால், உண்மையான இழப்பு அதனினும் மிகுதி.

இதனை மீட்க மூன்று வேலைகள் நடைபெற்றன. அணையின் உச்சியில் காங்கிரீட்டுத் தொப்பி அமைத்து, இழந்த எடையை ஈடுசெய்தனர். உச்சியிலிருந்து அடிப்பாறைவரை துளையிட்டு, உருக்குக் கம்பிவடங்களைச் செலுத்தி இறுக்கி, அணையைப் பாறையோடு பிணைத்தனர். பின்புறத்தே காங்கிரீட்டுச் சுவரொன்றை அணைத்து எழுப்பினர். அதனுள் அமைந்த நடைவழிகளில் கசிவுநீரை அளந்து பார்க்கலாம். இவையனைத்தும் தேங்கிய நீரை முற்றும் வெளியேற்றாமலே செய்யப்பட்டன.

ஆயினும் நீர் உடனே உயரவில்லை. செய்த பணி போதுமா என்பதில் இரு மாநிலங்களும் மாறுபட்டன. 142 அடிவரை தேக்கலாம் என 2006ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளம் புதிய சட்டத்தால் அதனைத் தடுக்க, 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தை நீக்கி, 142 அடியை உறுதிசெய்தது. கண்காணிப்புக்கு ஒரு குழுவையும் அமைத்தது. அவ்வாண்டு நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பின், நீர் 142 அடியைத் தொட்டது.

துங்கபத்திரையில் ஒரு வாரம்; பெரியாற்றில் 35 ஆண்டு. இவ்வேறுபாட்டைச் சிந்தியுங்கள். உடைந்த கதவை எல்லோரும் கண்டனர். அதனால் செய்வதும் தெளிவாயிற்று. உள்ளே தேய்ந்த வலிமையைக் கண்ணாற் காண இயலாது. அதனை அளந்து, பிறரும் ஒப்புமாறு மெய்ப்பிக்க வேண்டும். பொறியியல் கற்கும் மாணவர்கள் அணை கட்டுதலோடு இவ்வளத்தலையும் கற்றல் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோகமும், மலைக்கு அப்பால் வாழ்வோரின் உறக்கமும் அதனையே நம்பியிருக்கின்றன.