கண்டார் சொல்லும் கேட்டார் சொல்லும்

(திருவேட்டக்குடிக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



2018-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள், தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடுமாறு ஊர்வலஞ் சென்ற மக்கள்மீது போலீசார் சுட்டனர். 13 பேர் மாண்டனர். கூட்டத்தின் வன்முறையே காரணம் என்ற அரசாங்க விளக்கம் பல பெரும் பத்திரிகைகளில் முதலிடம் பெற்றது. அடியேனும் அதனை நம்பி, மாண்டோர்மீதே குற்றஞ் சாட்டினேன். சிறு இணைய ஏடுகளோ, சுடப்பட்டோர் இல்லஞ் சென்று வினவின. மறுநாளே மூன்று ஜில்லாக்களில் இணையம் நிறுத்தப்பட்டது.

ஆயினும், பெரியது பொய், சிறியது மெய் எனத் துணிதல் தகாது. சாதாரண உடையில் வேன்மேலேறிக் குறிவைத்த காவலரை உலகறியக் காட்டியது பெரிய செய்தி ஸ்தாபனமொன்றின் படமே.

2022-இல் வெளியான நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, சுடுதற்குரிய தூண்டுதல் ஏதுமில்லை, ஓடியோரும் சுடப்பட்டனர் என்று கூறிற்று. அடியேன் தலை குனிந்தேன்.

மாண்டார் வந்து மறுமொழி கூறார். ஆதலின், கண்டவர் யார், எங்கு நின்று கண்டார், இருதிறத்தாரையும் கேட்டாரா என்று வினவிய பின்னரே எச்செய்தியையும் நம்புங்கள். நாளை நம் கடற்கரைப் பிள்ளைகளும் ஊர்வலத்தில் நிற்கக்கூடும். அன்று பிறரும் நம்மைக் குறித்து இங்ஙனம் விசாரித்தல் வேண்டுமன்றோ?